ஒப்பரேசனுக்கு முன் இதயத்துக்கு எது காவல்: புதுக் குளிசையா, ரின்னுக்குள் இருக்கிற பழசா?

அத்தானின் குளிசைப் பெட்டி ஒரு பழைய பிஸ்கற் ரின். அக்கா அதை மேசையில் கவிழ்த்துக் கொட்டினார். கிளினிக்கில் தந்த கடதாசிப் பைகள், பாமசியில் வாங்கிய அட்டைகள், கனடாவிலிருந்து வந்த இரண்டு போத்தல்கள். அத்தானுக்கு 68 வயது. மூன்று வருடத்துக்கு முன் கொழும்பில் ஒடுங்கின இதயக் குழாயை விரித்துப் பிடிக்க ஸ்ரென்ற் என்ற சின்னக் கம்பிவலை வைத்தவர். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறார். இப்போது பெருங்குடலில் ஒரு கட்டி. வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டும். நாளும் குறித்தாயிற்று, இன்னும் 12 நாள்.

"தம்பி, பக்கத்து வீட்டு ரீச்சர் எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லுறா. இவன் எண்டால் புதுசா ஒண்டு தொடங்கோணும் எண்டு நிக்கிறான்."

'இவன்' ரொறன்ரோவில் இருக்கிற என் மருமகன். வைபரில் முகம் தெரிந்தது. "மாமா, பீற்றா பிளொக்கர் ஒண்டு போட்டால் ஒப்பரேசன் நேரம் ஹார்ட் பதறாதாம். என்ரை பிரண்டின்ரை அப்பாவுக்குக் குடுத்தவையாம். நீங்கள் ஒருக்கா டொக்டரிட்டைக் கேளுங்கோ."

நான் 31 வருடம் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மருமகன் சொன்னது முட்டாள்தனம் அல்ல. 1990களின் கடைசியில் என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ரீச்சர் சொன்னதும் எங்களூரில் தலைமுறை தலைமுறையாக வருகிற பேச்சு. இரண்டும் பிழை என்பதுதான் இந்தக் கட்டுரை. அத்தானின் இதயத்துக்குக் காவல் பெரும்பாலும் அந்த ரின்னுக்குள்ளேயே இருக்கிறது. அதை அறுக்காமல் கொண்டுபோவதா, நிறுத்துவதா, கூட ஒன்று சேர்ப்பதா என்பதை ஒவ்வொரு குளிசைக்கும் தனித்தனியாகத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் இதயத்துக்கு என்ன ஆபத்து என்று பார்ப்போம். கத்தி வைக்கப்போவது குடலில். ஆனால் உடம்புக்கு அது ஒரு பெரிய அடி. அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, குருதி உறையும் தன்மை கூடுகிறது. மயக்கமருந்தில் குருதி அழுத்தம் விழுகிறது. குருதி இழப்பு வேறு. ஏற்கெனவே ஒடுங்கின குழாய்களால் வாழ்கிற இதயத்துக்கு வேலை கூடி, வருகிற ஒட்சிசன் குறைகிற நேரம் இது. சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் மாரடைப்புகளில் நான்கில் மூன்று பங்கு முதல் 48 மணி நேரத்துக்குள் வருகின்றன. அவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு நெஞ்சு நோ தெரிவதே இல்லை. வலி தெரியாமல் இருக்க மோர்பின் கொடுத்திருக்கிறோம், பிறகு எப்படித் தெரியும்? ஆகவே "நெஞ்சு நோகேல்லை, அப்ப பிரச்சினை இல்லை" என்ற எங்களின் வழமையான கணக்கு அந்த இரண்டு நாளுக்கும் செல்லாது.

எல்லாச் சத்திரசிகிச்சையும் ஒன்றல்ல. கண்ணில் கற்றறாக் எடுப்பதற்கு இதயத்தைப் பற்றி இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. வழமையான குளிசையை வழமைபோல் போட்டுவிட்டுப் போய் வரலாம். வயிறு, நெஞ்சு, பெரிய குருதிக்குழாய் என்று வந்தால் கதை வேறு. 1999 இலிருந்து உலகம் முழுக்கப் பாவிக்கிற ஓர் எளிய கணக்கில் ஆறு கேள்விகள் உண்டு: பெரிய சத்திரசிகிச்சையா, இதயக் குருதிக்குழாய் வருத்தம் உண்டா, இதயம் தளர்ந்ததா, பாரிசவாதம் வந்ததா, இன்சுலின் போடுகிறாரா, சிறுநீரகம் பழுதா. அத்தானுக்கு மூன்று. மூன்றோ அதற்கு மேலோ என்றால் 30 நாளுக்குள் மாரடைப்போ இதயம் நிற்பதோ மரணமோ வரும் வாய்ப்பு 100 இல் 15 அளவு என்று 2017 கனடா வழிகாட்டி போட்டிருக்கிறது. இந்த எண்ணை நான் அக்காவுக்குச் சொல்லவில்லை.

இனி மருமகனின் பீற்றா பிளொக்கர். அற்றினோலோல், மெற்றோபிறொலோல், பைசோபிறொலோல் எல்லாம் இந்தக் குடும்பம். இதயத் துடிப்பைக் குறைத்து, வேலையைக் குறைத்து வைக்கிற குளிசைகள். அட்ரினலின் பாயும் நேரத்தில் இதயத்துக்கு ஒரு கடிவாளம் போட்டால் நல்லதுதானே என்பது கேட்ட உடனே மனதில் ஒட்டிக்கொள்கிற நியாயம். 1996 இல் அமெரிக்காவில் 200 நோயாளிகளுக்கு அற்றினோலோல் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருடக் கணக்கில் குளிசை போட்டவர்கள் கூடுதலாக உயிரோடு இருந்தார்கள். 1999 இல் ஒல்லாந்தின் ரொட்டர்டாமிலிருந்து வந்த முடிவு இன்னும் பிரமாதம்: பெரிய குருதிக்குழாய்ச் சத்திரசிகிச்சைக்குப் போன 112 பேரில், பைசோபிறொலோல் எடுத்தவர்களில் 3.4 சதவீதத்தினருக்கு மட்டும் மாரடைப்போ இதய மரணமோ. எடுக்காதவர்களில் 34 சதவீதம். பத்து மடங்கு வித்தியாசம்! மருந்துத் துறையில் பத்து மடங்கு வித்தியாசம் என்று ஆராவது சொன்னால் மகிழ்வதற்கு முன் ஒருக்கா சந்தேகப்பட வேண்டும். அப்போது நாங்கள் சந்தேகப்படவில்லை. வழிகாட்டிகள் எழுதப்பட்டன, டொக்டர்மார் எழுதிக் கொடுத்தார்கள், நாங்கள் எண்ணிக் கொடுத்தோம்.

2008 இல் பொயிஸ் என்ற ஆய்வு வந்தது. 23 நாடுகள், 190 ஆஸ்பத்திரிகள், 8,351 நோயாளிகள். பாதிப் பேருக்கு, சத்திரசிகிச்சைக்கு இரண்டு முதல் நான்கு மணித்தியாலம் முன்பு மெற்றோபிறொலோல் 100 மி.கி. தொடங்கி, பிறகு நாளுக்கு 200 மி.கி. வரை 30 நாள். மற்றப் பாதிக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. மாரடைப்பு உண்மையாகவே குறைந்தது: 5.7 சதவீதம் 4.2 ஆனது. ஆனால் மரணம் 2.3 இலிருந்து 3.1 ஆகக் கூடியது. பாரிசவாதம் இரட்டிப்பானது. ஆயிரம் பேருக்கு இப்படிக் கொடுத்தால் 15 பேரை மாரடைப்பிலிருந்து காப்பாற்றலாம், ஆனால் 8 பேர் கூடுதலாக இறப்பார்கள், 5 பேருக்குக் கூடுதலாகப் பாரிசவாதம் வரும், 53 பேருக்குப் பிறஷர் ஆபத்தாக விழும் என்று ஆய்வாளர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மாரடைப்பை மட்டும் எண்ணினால் வெற்றி. ஆளை எண்ணினால் தோல்வி.

ஏன் இப்படி? துலா இறைத்த கிணறுகளை நினைத்துப் பாருங்கள். கிணற்றில் தண்ணீர் கிடக்கும்போது துலா மிதிப்பவன் ஆறுதலாக மிதிக்கலாம், பட்டை நிறைய வரும். தண்ணீர் வற்றினால் அரைப் பட்டைதான் வரும். அப்போது வேகமாக மிதித்தால்தான் வாய்க்காலின் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேரும். சத்திரசிகிச்சையில் குருதி இழக்கிறபோதும், பிறகு கிருமித் தொற்று வருகிறபோதும் இதயம் வேகமாக அடிப்பது பயத்தினால் அல்ல, கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் அனுப்புவதற்காக. அந்த நேரம் அதன் காலைக் கட்டிப்போட்டால் இதயம் ஆறுதலாக இருக்கும், மூளை காய்ந்துபோகும்.

ரொட்டர்டாமின் கதை அதோடு முடியவில்லை. 2011 இல் எராஸ்மஸ் மருத்துவ மையம் அந்த ஆய்வுக் குழுவின் தலைவரை ஆராய்ச்சி நேர்மைக் குறைபாட்டுக்காகப் பதவியிலிருந்து நீக்கியது. அந்தக் குழுவின் ஆய்வுகளை ஒதுக்கிவைத்து, நம்பக்கூடியவற்றை மட்டும் சேர்த்து 2014 இல் வந்த கணக்கில், சத்திரசிகிச்சையை ஒட்டிப் புதிதாகப் பீற்றா பிளொக்கர் தொடங்குவது 30 நாள் மரணத்தை 27 சதவீதம் கூட்டியது என்று தெரிந்தது. 1996 ஆய்வையும் பிறகு கிளறிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குள் நடந்த மரணங்களை அதன் முக்கியக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அந்த வருடங்களில் நான் எண்ணிக் கொடுத்த அற்றினோலோல் பைகள் எத்தனை என்று யோசித்தால் இப்போதும் மனம் ஒரு மாதிரி இருக்கும்.

ஆனால் இதைக் கேட்டு ஆரும் ஏற்கெனவே போடுகிற பீற்றா பிளொக்கரை நிறுத்திவிடக் கூடாது. அது இன்னொரு பள்ளம். நான் வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது. வருடக்கணக்காக அற்றினோலோல் போட்டுவந்த ஒரு தோட்டக்காரர், ஹேர்னியாவுக்கு வந்தவர். "இரவு 12 மணிக்குப் பிறகு வாயில ஒண்டும் வைக்கக் கூடாது" என்று சொல்லப்பட்டது. சொன்னதை ஒழுங்காகக் கேட்கிற மனிதர், குளிசையையும் வைக்கவில்லை. அன்று சத்திரசிகிச்சை தள்ளிப்போனது. அடுத்த நாளும் பட்டினி, அடுத்த நாளும் குளிசை இல்லை. மூன்றாம் நாள் தியேட்டருக்குள் போகும்போது நாடி 130, அதுவும் தாறுமாறாக. ஒரு சின்னக் குளிசையை ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கலாம் என்று ஆரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. நானும் வாட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை, பாமசியின் கம்பிக்குப் பின்னால் இருந்து பை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பீற்றா பிளொக்கரைத் திடீரென்று நிறுத்தினால் இதுவரை அடக்கி வைத்த வேகம் எல்லாம் ஒரே தரமாகக் கிளம்பும். 2022 மருந்துத் தட்டுப்பாட்டின்போது பாமசி பாமசியாக அலைந்து கிடைக்காமல் பாதியில் விட்டவர்களும் இந்தப் படபடப்பை அனுபவித்திருப்பார்கள். ஆகவே இந்தக் குடும்பக் குளிசைக்குத் தெரிவுகள் மூன்று. போடுகிறவர் தொடரவேண்டும், சத்திரசிகிச்சை அன்று காலையும். போடாதவருக்கு அன்றைக்கோ முதல் நாளோ தொடங்கக் கூடாது. போடாதவருக்கு வேறு காரணத்தினால் உண்மையாகவே தேவை என்றால், 2024 அமெரிக்க வழிகாட்டி சொல்வதுபோல் ஏழு நாளுக்கு மேல் அவகாசம் வைத்துச் சிறிய அளவில் தொடங்கி, நாடியையும் பிறஷரையும் பார்த்துக் கூட்டலாம்.

அத்தானுக்கு 12 நாள் இருக்கிறது. மருமகன் அதைத்தான் பிடித்துக்கொண்டான். "அப்ப நேரம் இருக்குத்தானே மாமா?" நேரம் இருக்கிறது, தேவை இருக்கிறதா? நாடி 66. நடந்தால் நெஞ்சு இறுக்கம் இல்லை. எக்கோவில் இதயத்தின் அடிப்பு நல்லது என்று எழுதியிருக்கிறது. ஸ்ரென்ற் வைத்ததும் மாரடைப்பு வந்ததால் அல்ல. சத்திரசிகிச்சை இல்லாவிட்டால் அவருக்கு இந்தக் குளிசை தேவையில்லை என்றால், சத்திரசிகிச்சைக்காக மட்டும் தேவையில்லை. என்னுடைய தீர்ப்பு: வேண்டாம்.

அஸ்பிரின் இன்னும் சிக்கல். ஒரு பக்கம் குருதிக் கட்டி, மறுபக்கம் குருதிப்போக்கு. 2014 இல் வந்த இரண்டாவது பொயிஸ் ஆய்வில் 10,010 பேர் இருந்தார்கள். அஸ்பிரின் எடுத்தவர்களில் 7.0 சதவீதம் பேருக்கு மரணமோ மாரடைப்போ, எடுக்காதவர்களில் 7.1. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பெரிய குருதிப்போக்கு 3.8 இலிருந்து 4.6 ஆகக் கூடியது. ஆக, ஸ்ரென்ற் இல்லாத ஒருவர், 'இருக்கட்டும்' என்று தினமும் அஸ்பிரின் போடுகிறவர், சத்திரசிகிச்சைக்கு ஏழு நாள் முன்பு அதை நிறுத்துவதில் நட்டம் இல்லை. எங்கள் ஊரில் இப்படி 'இருக்கட்டும்' அஸ்பிரின்கள் நிறைய.

ஆனால் அதே ஆய்வுக்குள் ஏற்கெனவே ஸ்ரென்ற் வைத்தவர்களோ பலூன் போட்டுக் குழாயை விரித்தவர்களோ 470 பேர் இருந்தார்கள். அவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது கதை திரும்பியது: அஸ்பிரின் எடுத்தவர்களில் 6.0 சதவீதம், எடுக்காதவர்களில் 11.5. சின்னக் கூட்டம்தான், ஆனால் வித்தியாசம் கண்ணில் படுகிறது. பிறகு 2024 இல் தென்கொரியாவை மையமாகக் கொண்டு, மருந்து பூசிய ஸ்ரென்ற் வைத்து ஒரு வருடம் தாண்டியவர்களிடம் இதையே கேட்டார்கள். அஸ்பிரினைத் தொடர்ந்தவர்களுக்கும் நிறுத்தியவர்களுக்கும் இதயக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டு பக்கமும் ஒரு சதவீதத்துக்குக் கீழே. சிறு குருதிப்போக்கு மட்டும் தொடர்ந்தவர்களில் கூடுதல். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஸ்ரென்ற் வைத்தவருக்கு அஸ்பிரின் 'கட்டாயம்' என்ற பழைய பயம் கொஞ்சம் தணிகிறது. ஆனால் அத்தானைப் போல ஆறில் மூன்று புள்ளி வாங்கிய ஆளுக்கு நான் இன்னும் தொடரும் பக்கம்தான். குடலில் குருதி கசிந்தால் சேர்ஜன் கண்ணால் கண்டு கட்டலாம். மூளையிலோ முள்ளந்தண்டிலோ சத்திரசிகிச்சை என்றால் நான் இப்படிச் சொல்லமாட்டேன். அங்கே ஒரு கரண்டிக் குருதி கசிந்தாலே ஆளை முடக்கிவிடும்.

ரின்னுக்குள் குளோபிடோகிரலும் இருந்தது, அஸ்பிரினைப்போலக் குருதிக் கட்டியைத் தடுக்கிற இன்னொரு குளிசை. மூன்று வருடமாக இரண்டும் சேர்த்துப் போடுகிறார். மருந்து பூசிய ஸ்ரென்ற் வைத்த பிறகு ஆறு மாதமாவது, மாரடைப்பினால் வைத்திருந்தால் ஒரு வருடமாவது இரண்டும் வேண்டும். அவசரமில்லாத சத்திரசிகிச்சையை அதுவரை தள்ளிப்போடுவதுதான் முறை. அந்தக் காலம் அத்தானுக்கு எப்போதோ கடந்துவிட்டது. ஆகவே கேள்வி இப்படி: அஸ்பிரினை வைத்துக்கொண்டு குளோபிடோகிரலை ஐந்து முதல் ஏழு நாள் முன்பு நிறுத்தலாமா? இதைப் பாமசிக்காரன் தீர்க்கக் கூடாது, இதய நிபுணர் எழுதித் தரவேண்டும். முள்ளந்தண்டில் ஊசி போட்டு வலி குறைக்கப் போகிறார்கள் என்றால் மயக்கமருந்து நிபுணருக்கும் இது கட்டாயம் தெரியவேண்டும். ஐந்து நாள் என்று ஒருவரும் ஏழு நாள் என்று இன்னொருவரும் சொன்னால் சண்டை பிடிக்காமல் இரண்டு பேரும் ஒரே கிளினிக் கொப்பியில் எழுதும்படி கேளுங்கள்.

ஸ்ரென்ற் வைத்து மூன்று மாதம்கூட ஆகாத ஒருவர் இதை வாசித்துவிட்டுத் தானாகக் குளோபிடோகிரலை நிறுத்தினால் அது பேராபத்து. ஸ்ரென்ற் முழுதாக அடைபடலாம். அத்தானின் கணக்கு அத்தானுக்கு மட்டும்தான்.

கொலஸ்ரோல் குளிசை, அதாவது அற்றோவாஸ்ரற்றின், ரோசுவாஸ்ரற்றின் வகை, இந்தக் கூட்டத்தில் தலையிடியே தராதது. போடுகிறவர் ஒரு நாளும் விடாமல் போடவேண்டும், அவ்வளவுதான். குளிசை போடாதவருக்குச் சத்திரசிகிச்சைக்குச் சற்று முன் பெரிய அளவில் ஏற்றினால் என்ன என்று பிரேசிலில் 648 பேரில் பார்த்தார்கள். 80 மி.கி. கொடுத்தும் உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் வரவில்லை. ஆனால் ஸ்ரென்ற் வைத்தவர், சீனி வருத்தக்காரர் இந்தக் குளிசை இல்லாமல் வந்தால் தொடங்கிவிடுவது நல்லது. அது சத்திரசிகிச்சைக்காக அல்ல, எப்படியும் அவருக்கு ஆயுள் முழுக்க வேண்டியது. பீற்றா பிளொக்கரைப்போல இது பிறஷரை விழுத்தாது என்பதால் பிந்தித் தொடங்கினாலும் ஆளைக் கவிழ்க்காது. புதிதாக ஒன்று தொடங்கவேண்டும் என்று மருமகன் மிகவும் அடம்பிடித்தால் இதைக் காட்டி ஆற்றலாம் என்று நினைத்தேன். அத்தான் ஏற்கெனவே போடுகிறார்.

லோசாற்றன். பிறஷர் குளிசை. இங்கேதான் டொக்டர்மாரே இரண்டு கட்சி. மயக்கம் கொடுத்ததும் பிறஷர் அளவுக்கு மீறி விழுகிறது என்பதால் ஒரு நாள் முன்பே நிறுத்தச் சொல்பவர்கள் ஒரு கட்சி. விட்டால் பிறஷர் ஏறும், இதயம் பலவீனமானவருக்குத் திரும்பத் தொடங்க மறந்துபோகும், ஆகவே தொடருங்கள் என்பவர்கள் மறு கட்சி. 2024 இல் பிரான்சில் 2,222 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு 48 மணித்தியாலம் முன்பு நிறுத்தினார்கள், மறு பாதி அன்று காலை வரை போட்டது. மரணமும் பெரிய சிக்கல்களும் இரண்டு பக்கமும் 22 சதவீதம். மயக்கத்தின்போது பிறஷர் விழுந்தது மட்டும் தொடர்ந்தவர்களில் 54 சதவீதம், நிறுத்தியவர்களில் 41. எது செய்தாலும் பெரிய பிழையில்லை என்றால் மயக்கமருந்து நிபுணருக்கு எது வசதியோ அதைச் செய்வதுதான் நியாயம். அந்த இரண்டு மணித்தியாலமும் பிறஷரோடு மல்லுக்கட்டப் போகிறவர் அவர்தானே. அத்தானின் பிறஷர் 130க்குள் இருப்பதால் முதல் நாள் இரவுக் குளிசையை விடலாம் என்று நான் நினைக்கிறேன். இதயம் தளர்ந்ததற்காக இதே குளிசை போடுகிறவர் என்றால் கேட்காமல் விடக் கூடாது.

குளோனிடீன் என்றொன்று உண்டு, பீற்றா பிளொக்கர் சரிவராததால் அடுத்த நம்பிக்கையாக வந்தது. இரண்டாவது பொயிஸ் ஆய்வின் அதே 10,010 பேரில் பார்த்தார்கள். மாரடைப்பும் மரணமும் குறையவில்லை, பிறஷர் விழுந்தது 37 இலிருந்து 48 சதவீதமானது, இதயம் நின்று மீண்டவர்களும் கூடினார்கள். புதிதாகக் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே போடுகிறவர் திடீரென நிறுத்தவும் வேண்டாம்.

சீனிக் குளிசைகளில் ஒன்றுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. எம்பாகிளிஃப்ளொசின், டபாகிளிஃப்ளொசின் என்று சிறுநீரில் சீனியை வெளியேற்றுகிற புது வகை. இதயத்துக்கு நல்லது என்று பெயர் வாங்கியதால் ஒருவரும் நிறுத்த விரும்புவதில்லை. ஆனால் பட்டினி கிடக்கும்போது, சீனி அளவு சாதாரணமாகத் தெரிந்துகொண்டே உடம்பு அமிலமாகிவிடும், மானியில் பார்த்தால் பிடிபடாது. மூன்று நாள் முன்பே நிறுத்தவேண்டும். அத்தான் இதைக் கிளினிக்கில் வாங்கவில்லை, வெளியே பாமசியில் வாங்குகிறார். ஆகவே கிளினிக் கொப்பியில் இது இல்லை! ரின்னைக் கவிழ்த்திருக்காவிட்டால் ஆருக்கும் தெரிந்திருக்காது. மெற்போமினை அன்று காலை விட்டால் போதும். இன்சுலினின் அளவை வாட்டில் சொல்வார்கள்.

கனடாப் போத்தல்கள் இரண்டில் ஒன்று மீன் எண்ணெய், மற்றது உள்ளிக் குளிசை. உள்ளி செறிவாகச் சேர்ந்த குளிசை குருதித் தட்டுகளை ஒட்டவிடாது, ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். மீன் எண்ணெய் குருதிப்போக்கைக் கூட்டும் என்று பயந்த காலம் இருந்தது, பிறகு பார்த்ததில் அந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. அக்கா வைக்கிற உள்ளி ரசத்தையும் நிறுத்தவேண்டுமா என்று அத்தான் மிகுந்த கவலையோடு கேட்டார். ரசம் குடிக்கலாம். பட்டினி தொடங்கும்வரை.

மருந்துக் கடை ஆள் மருந்தைப் பற்றியே பேசுவான். ஆனால் அத்தானின் இரத்தச் சோதனைத் துண்டில் எனக்கு உறுத்தியது ஹீமோகுளோபின் 9.6. கட்டியிலிருந்து மாதக்கணக்காகக் குருதி கசிந்திருக்கிறது. ஒட்சிசனைக் கொண்டுபோகிற வண்டியே குறைவு என்றால் எந்தக் குளிசை இதயத்தைக் காக்கும்? இதைச் சேர்ஜனிடம் இப்போதே கேட்கவேண்டும், முதல் நாள் அட்மிற் ஆனபிறகு அல்ல. அதேபோல, சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் இரண்டு நாளும் ட்ரொப்போனின் பார்ப்பீர்களா என்று ஒரு வார்த்தை. நெஞ்சு நோ தெரியாத மாரடைப்பைக் காட்டித்தருவது அந்தச் சோதனைதான். அது உயர்ந்தால் செய்ய வழி உண்டு. 2018 இல் 1,754 பேரில் பார்த்த ஆய்வில், இப்படி இதயம் பாதித்தவர்களுக்குக் குருதி உறைவதைத் தடுக்கிற டபிகாட்ரான் 110 மி.கி. நாளுக்கு இரண்டு தரம் கொடுத்தபோது பெரிய குருதிக்குழாய்ச் சிக்கல்கள் 15 இலிருந்து 11 சதவீதமாகக் குறைந்தன. எல்லாருக்கும் அது பொருந்தாது. ஆனால் தெரிந்தால்தான் அஸ்பிரினையும் கொலஸ்ரோல் குளிசையையுமாவது உறுதிப்படுத்தலாம்.

இன்னொரு இடத்திலும் ஓட்டை விழும். நிறுத்தியதைத் திரும்பத் தொடங்குவது. முன்னுக்கு நிறுத்தச் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். பின்னுக்குத் தொடங்கச் சொல்ல ஆள் இராது. வீட்டுக்குப் போகும்போது தருகிற டயக்னோசிஸ் காட்டில் அன்ரிபயோற்றிக்கும் பனடோலும் ஒமிப்பிறசோலும் எழுதப்பட்டிருக்கும், பழைய குளிசைகளுக்கு 'தொடரவும்' என்று ஒரு சொல். எதைத் தொடர? குளோபிடோகிரல் எப்போது, லோசாற்றன் எப்போது, எம்பாகிளிஃப்ளொசின் எப்போது? கடைசியில் சொன்னது ஆள் நன்றாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான். லோசாற்றனைப் பிறஷர் ஏறியதும், முடிந்தால் இரண்டு நாளுக்குள்.

மானிப்பாயில் அமெரிக்க மிசனின் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த மண் இது. இன்றைக்கும் குளிசைப் பையில் மருந்தின் பெயர் தமிழில் வருவதில்லை. அக்கா குளிசைகளை நிறத்தாலும் பருமனாலும்தான் அறிவார்: 'வெள்ளை வட்டம்', 'பச்சை நீட்டு', 'மஞ்சள் சின்னன்'. கொம்பனி மாறினால் நிறம் மாறும். ஆகவே ஒரு மட்டையை எடுத்து, ஒவ்வொரு பைக்கும் பக்கத்தில் தமிழில் எழுதினேன். அஸ்பிரின்: விடாமல், இதய டொக்டர் வேண்டாம் என்றால் ஒழிய. அற்றோவாஸ்ரற்றின்: விடாமல், முதல் நாள் இரவும். லோசாற்றன்: மயக்க டொக்டரிட்டைக் கேட்டு. எம்பாகிளிஃப்ளொசின்: மூன்று நாள் முந்தி நிறுத்து. உள்ளி: இன்றையோடு சரி. குளோபிடோகிரலுக்கு நேரே கோடு மட்டும் போட்டு, நிறுத்தும் தேதிக்கும் திரும்பத் தொடங்கும் தேதிக்கும் இரண்டு பெட்டி வரைந்து வெறுமையாக விட்டேன்.

"இதையும் நீயே எழுதன் தம்பி," என்றார் அக்கா.

"அதை இதய கிளினிக்கில எழுதுவியுங்கோ. ரெண்டு பெட்டியும் நிரம்பினாத்தான் வீட்டை வாறது."

வைபரில் மருமகன் இன்னும் இருந்தான். "அப்ப நான் சொன்னது, மாமா?"

"உன்ரை குளிசை வேண்டாம். அந்த உள்ளிப் போத்தலையும் இனி அனுப்பாதை."

அக்கா மட்டையை மடித்து ரின் மூடியின் உட்பக்கத்தில் ஒட்டினார். திங்கட்கிழமை கிளினிக்குக்கு அந்த ரின்னையே அப்படியே கொண்டுபோகப் போகிறாராம்.